ஆம்ப்ளிஃபயர் பேசிய ஞாயிறு

"துப்பறியற ஆளு எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஜுவைரியா உள்ளே வந்தாள்.

கீதா மேசைக்குப் பின்னால் இருந்த தன் முதலாளி சண்முகவடிவைக் காட்டினாள். ஜுவைரியாவுக்குத் திருப்தியில்லை.

"கல்யாண விசாரணைன்னுல்லா வெளியில போர்டு இருக்கு. நான் கல்யாணத்துக்கு வரல."

"கல்யாணத்துலயும் பொய்யத்தான் விசாரிக்கிறோம். உக்காருங்க," என்றாள் சண்முகவடிவு.

ஜுவைரியா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவளுடைய தம்பி சைஃப் தாராவியில் மைக் செட் கடை வைத்திருக்கிறான். கடை, திருநெல்வேலிக்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தமான இடம். சங்க மண்டபத்தின் மைக்கும் ஸ்பீக்கரும் அவன் பொறுப்பு. போன ஞாயிறு அங்கே செயலாளர் தேர்தல். பழைய செயலாளர் பூலோகம் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஸ்பீக்கரில் அவருடைய குரலே வேறு எதையோ பேசியது. யாரோ பதிவு செய்த குரல். 'இந்த மாட்டுக் கூட்டத்துக்குப் பிரியாணி போட்டாப் போதும், தன்னால கையத் தூக்கும்.'

நாற்காலிகள் பறந்தன. தேர்தல் நின்றது. பூலோகம் மைக்கைப் பிடித்து, தெரு முழுவதும் கேட்க, சைஃபைத் துரோகி என்றார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து மண்டபத்தைப் பூட்டினார்.

"அந்த ஆம்ப்ளிஃபயர் வைஃபைல ஓடுதது. ரகசிய எண் அடிச்சாத்தான் போன்ல இருந்து அதுல எதையும் போட முடியும். எண் எந்தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அதனால அவன்தான்னு முடிவு கட்டிட்டாவ. சனிக்கிழமைக்குள்ள கடையக் காலி பண்ணணுமாம்."

"அவர் செய்யலன்னு நம்புறீங்களா?" என்று கீதா கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இங்க எதுக்கு வாரேன்? செஞ்சிருந்தான்னா நானே செருப்பால அடிப்பேன்."

மண்டபத்துக்கு எதிரே பிச்சையாவின் டீக்கடை. அவர் கீதாவுக்கும் சண்முகவடிவுக்கும் ஆளுக்கு அரைத் தம்ளர் கட்டிங் டீ கொடுத்தார். பக்கத்தில் நின்ற சைஃபைப் பார்க்கவே இல்லை.

"அவருக்கு?" என்றாள் கீதா.

"அவனுக்கு இங்க டீ கிடையாது."

சைஃப் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சண்முகவடிவு டீயை உறிஞ்சிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எப்படி விடிந்தது என்று பிச்சையாவைக் கேட்டாள்.

"விடிஞ்சதே சரியில்லம்மா. மண்டபத்துல தெனமும் காலைல முருகன் பாட்டு தானா ஓடும்லா, அதக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். அன்னைக்கு அசந்துட்டேன். வானமாமலை அண்ணாச்சி ஸ்டேஷன்ல இருந்து பையும் கையுமா வந்து டீ கேக்காவ, நான் அப்பதான் அடுப்பையே பத்த வைக்கேன். வியாபாரம் படுத்துட்டு."

மனிதர் தன் சோம்பலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவார் என்று கீதா பொறுமையிழந்தாள். சண்முகவடிவு சைஃப் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை?"

"சாயங்காலம் வந்து மைக்கெல்லாம் பாத்தேன். போன்ல ஆம்ப்ளிஃபயர் பெட்டியோட பேரு 'மண்டபம்'னு காட்டுச்சு. நான் வெச்ச பேரு. சாவிய வானமாமலை அண்ணாச்சிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். இன்னொரு சாவி பூலோகம் அண்ணாச்சிட்ட இருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை போன்ல பாக்கலியா?"

"மைக்குக்கு எதுக்கு போன்? அது வயர்ல போவுது."

பூலோகம் மண்டபத்துக்கு மேல்மாடியில் குடியிருந்தார். சாவியுடன் இறங்கி வந்தார்.

"ரெண்டு பொம்பளைய வந்து என்னத்தக் கிழிக்கப் போறீய? லஃப்டா கலாட்டா பண்ணுனவன் யாருன்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப எங்களுக்கும் தெரிஞ்சிரட்டும். கதவத் திறங்க," என்றாள் சண்முகவடிவு.

பூலோகம் கதவைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டார். அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற வானமாமலையும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அவர்தான் அந்த ஆம்ப்ளிஃபயரைச் சங்கத்துக்கு வாங்கித் தந்தவர்.

"துட்டு குடுத்ததோட சரிம்மா. எந்தப் பொத்தான் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம காலைல கூடப் பாட்டு கணீர்னு ஓடுச்சு. அதக் கேட்டுத்தான் நான் எந்திரிச்சேன். அது வரைக்கும் மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்குப் பெறவு அதத் தொட்டவன் சைஃப் மட்டும்தான். பாவம், சின்னப் பய. மன்னிச்சு விட்ருங்கன்னு நான்தான் எல்லார்ட்டயும் கெஞ்சுதேன்."

நல்ல மனிதர் என்று கீதா நினைத்தாள். சுவரில் எழுதியிருந்த வைஃபை எண்ணைப் போட்டுப் போனைத் திறந்தாள். பட்டியலில் 'மண்டபம்' இல்லை. ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் இருந்தது. தொட்டாள். உடனே சேர்ந்துகொண்டது.

"மேடம், ரகசிய எண்ணே கேக்கல!"

"கத்தாத," என்றாள் சண்முகவடிவு.

வெளியே வந்து கீதா போனைக் காட்டியதும் சைஃபின் முகம் மாறிவிட்டது. "அது கம்பெனில வெச்ச பேரு. யாரோ பென் டிரைவ்ல ஃபர்ம்வேர, அதான் மெஷினுக்குள்ள ஓடுத சாஃப்ட்வேர, கொண்டாந்து கையால ஏத்திருக்காவ. அப்படி ஏத்துனா இந்த மாடல்ல எல்லாமே அழிஞ்சிரும். வாங்குன அன்னைக்கு இருந்தது போல ஆயிரும். மத்த எதுக்கும் எண் கேக்கும். இதுக்கு மட்டும் கேக்காது."

"கஷ்டமா?" என்றாள் சண்முகவடிவு.

"கம்பெனி சைட்ல ஃபைல் கெடக்கு. பவர் பொத்தான அமுக்கிப் பிடிச்சாப் போதும். ஆனா பாதில கரண்ட் போச்சுன்னா மெஷின் செத்துரும்."

"எல்லாமே அழியுமா?"

"எல்லாம்."

"சரி. அந்த ஃபைல ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நாளைக்கு நீங்களும் அக்காவும் டீக்கடைலயே நில்லுங்க. உள்ள வரக்கூடாது."

மறுநாள் மாலை மண்டபத்தில் கீதா, சண்முகவடிவு, பூலோகம், வானமாமலை மட்டும். கீதா ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு புது ரகசிய எண் வைத்தாள். பூலோகம் தன் போனில் முயன்றார். எண் கேட்டது. பிறகு கீதா பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சின்னத் திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது.

"என்ன வித்த காட்டுதிய?" என்றார் பூலோகம்.

கோடு பாதியைத் தொட்டது. சண்முகவடிவு சலித்துக்கொண்டே எழுந்து, சுவரில் இருந்த மெயின் சுவிட்சில் கை வைத்தாள்.

"போதும் கீதா. அணைச்சிடறேன்."

கீதா வாய் திறக்கும் முன்பே ஒரு குரல் வந்தது.

"அணைக்காதிய! ஏத்திக்கிட்டிருக்கும்போது அணைச்சா மெஷினே போயிரும்!"

வானமாமலை நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

சண்முகவடிவு கையை எடுத்தாள். "எந்தப் பொத்தான் எதுக்குன்னே தெரியாதுன்னீங்க."

அவர் உட்கார்ந்தார். கோடு முடிந்தது. பூலோகத்தின் போன் இப்போது எதுவும் கேட்காமல் சேர்ந்துகொண்டது. அவர் போனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூலோகம் அண்ணாச்சி, போன ஞாயிறு காலைல பாட்டு ஓடுச்சா?"

"ஓடல. அதுக்கு அந்தப் பயல ஏசணும்னு இருந்தேன். தேர்தல் அலைச்சல்ல விட்டுப்போச்சு."

"பிச்சையாவும் எழும்பல. ஃபர்ம்வேர மாத்தினா எண்ணும் பேரும் மட்டுமில்ல, தினமும் தானா ஓடுற பாட்டும் அழியும். அப்ப மாத்தினது சனிக்கிழமை ராத்திரி, சைஃப் சாவியக் குடுத்த பிறகு. சாவி உங்க ரெண்டு பேர்ட்டதான் இருந்துது." அவள் வானமாமலையிடம் திரும்பினாள். "நீங்க பாட்டக் கேட்டு எந்திரிச்சதாச் சொன்னீங்க. ஞாயிறு காலைல நீங்க ஸ்டேஷன்ல இருந்து பையோட வந்தத பிச்சையா பாத்திருக்கார். ராத்திரி எங்க தூங்குனீங்க?"

"முலுண்ட்ல. மக வீட்ல. கிழமை மாறிப் போயிருக்கும், வயசாச்சுல்லா."

"கிழமை மாறல. ஞாயிறு காலை வரைக்கும் பெட்டி நல்லா இருந்துதுன்னு நீங்க யாரும் கேக்காமலே சொன்னீங்க. அப்பதான் பழி சைஃப் மேல நிக்கும். சனிக்கிழமையே பெட்டி மாறிடுச்சுன்னு தெரிஞ்சவருக்குத்தான் அந்தப் பொய் தேவை. பாட்டும் அழிஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தோணல. ஏன்னா நீங்க இங்க இல்ல."

வானமாமலையின் குரலில் மென்மை போய்விட்டது. பூலோகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமால, நான்தான் போட்டேன். பேசுனது நீதான? மாட்டுக் கூட்டம்னு நானா சொன்னேன்?"

"எங்கிட்ட சிரிச்சிக்கிட்டே பதிவு பண்ணிருக்கான் பாரு! அன்னைக்கு சைஃப் பய பக்கத்துல மைக் மாட்டிக்கிட்டிருந்தான், அவன்தான்னுல்லா நெனச்சேன்."

"சைஃப் என்ன பாவம் செஞ்சார்?" என்று கீதா கேட்டாள். அவளையும் மீறிக் குரல் உயர்ந்தது.

"அவனுக்கென்ன? இங்க இல்லன்னா செம்பூர்ல மைக் கட்டுவான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். டீக்கடை வாசலில் நின்ற சைஃபைக் கடந்துதான் போனார். தலையைத் திருப்பவில்லை.

பூலோகம் சைஃபைக் கூப்பிட்டார். அவன் பின்னால் ஜுவைரியாவும் வந்தாள்.

"லே, கடைய நீயே வெச்சுக்க. நாளைக்கு ஒரு வளைகாப்பு இருக்கு. மைக்கப் பாத்து வை."

"மைக்ல சொல்லுங்க, அண்ணாச்சி."

"என்னத்தல?"

"துரோகின்னு மைக்லதான சொன்னிய. இல்லைங்கறதையும் அதுலயே சொல்லுங்க."

பூலோகம் சிரித்தார். "கொழுப்பு ஏறித் துளுத்துப் போச்சோ? நான் என் வாயால..."

"உங்க வாயாலதான்," என்றாள் ஜுவைரியா. அவள் கையில் போன் இருந்தது. "பெட்டிய இன்னும் பூட்டல. எண் எதுவும் கேக்காது. நீங்க பேசுனது தாராவில எல்லார் போன்லயும் கெடக்கு, எங்கிட்டயும் இருக்கு. மறுபடி ஒருக்கா போடட்டா?"

பூலோகம் அவள் விரலைப் பார்த்தார். வெளிக் கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு மேடையேறி மைக்கை எடுத்தார்.

"போன ஞாயிறு சைஃபத் துரோகின்னு சொன்னேன். அவன் செய்யல."

"சத்தமா," என்றாள் ஜுவைரியா.

அவர் மறுபடி சொன்னார். தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். எதிர்க்கடையில் பிச்சையா கை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஒரு கண்ணாடித் தம்ளரில் டீ ஊற்றி, தெருவைத் தாண்டி மண்டப வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார்.

சைஃப் வாங்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் முன்னால் குந்தி, திரையை யாரும் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு, புது எண்ணை வைக்கத் தொடங்கினான்.