கேட்காமலே கொடுப்பவன்

"உங்களுக்கு உசரம்னா பயமுங்களா?" என்று அன்று திருமூர்த்தி கேட்டான்.

பெண் பார்க்க வந்த நாள் அது. பொள்ளாச்சியில் கோகிலவாணியின் வீட்டு மொட்டை மாடி. கீழே பெரியவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் பேசட்டும் என்று மேலே அனுப்பியிருந்தார்கள்.

"ஆமாங்க. ரொம்பப் பயம்," என்றாள் அவள்.

சுத்தப் பொய். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து கதை படிக்கிற பெண் அவள். ஆனால் சித்தி காலையிலேயே காதில் ஓதியிருந்தாள்: "மாப்பிள்ளை வானத்துல வேலை பாக்கறவரு. நீ தைரியசாலின்னு தெரிஞ்சா மேலயே குடி வெச்சிருவாரு. பயம்னு சொல்லிரு கண்ணு."

அவன் சிரித்தான். அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்ததை எட்டிப் பார்த்தான்.

"என்ன கதைங்க அது?"

"தேவதூதன் கதைங்க. காலேஜ் படிக்கிற புள்ளை ஒருத்தி. அவமேல ஆசைப்பட்டு ஒருத்தன் வானத்துல இருந்து எறங்கி வர்றான்."

"எறங்கி வந்து என்ன பண்ணுவான்?"

"அவ வாயத் தொறந்து கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் செஞ்சு குடுத்துருவானுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது எனக்குக் கஷ்டமுங்க. நான் மனுசன். நீங்க கேட்டாத்தான் எனக்குத் தெரியும்."

"சரிங்க," என்றாள் கோகிலவாணி.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷத்தில் அவள் எதையும் கேட்டதில்லை.

இப்போது கோவையில், தரைத்தள வீட்டின் கூடத்தில், அவள் அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உளநூல் திறந்திருந்தது. சன்னலுக்கு வெளியே மேற்கு வானத்தில் மின்பட்டங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்றில் பறக்கும் அந்தப் பட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தென்னந்தோப்பு அகலம். அவை இழுத்துத் தரும் மின்சாரத்தில்தான் உடுமலையிலிருந்து கோவை வரை மிக்ஸி ஓடுகிறது. அவற்றின் நடுவே, பெரிய பெரிய வளிப்பைகளில் தொங்கும் முகில்தளத்தில் திருமூர்த்திக்கு வேலை. பட்டங்களின் கயிறுகளைப் பார்த்துக்கொள்வான். ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் வீட்டில்.

வீடு தரைத்தளமாக இருப்பதற்குக் காரணம் அவளுடைய பயம். அடுக்ககத்தின் பன்னிரண்டாம் மாடியில் மலை தெரியும் வீடு ஒன்று காலியாக இருந்தபோது, "வேண்டாம், கோகிலாவுக்கு ஆகாது," என்று அவன்தான் மறுத்தான். விமானத்தில் சன்னல் இருக்கையில் அவனே உட்கார்ந்துகொள்வான். வால்பாறை மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு வந்தால் தன் உள்ளங்கையை எடுத்து அவள் கண்ணை மூடிவிடுவான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. லேசாக இயந்திர எண்ணெய் வாசம் அடிக்கும். அந்தக் கைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாமல் போன வருத்தத்தையும், கை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்ற ஆசையையும் அவள் ஒன்றாக அனுபவிப்பாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கை போய்விடும் என்பதால் சொன்னதில்லை.

பறக்கிற ஆசையையெல்லாம் உளநூல் பார்த்துக்கொண்டது.

உளநூலைக் கையில் பிடித்தாலே போதும். அதன் மேலட்டை விரல்நுனிகளின் சூட்டையும் நாடித் துடிப்பையும் உணரும். எந்த வரியில் மனம் துள்ளுகிறது, எங்கே சோர்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த பக்கத்தை அதற்கேற்ப எழுதிக்கொள்ளும். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கான தேவதூதன் காதல் வரிசையை கோகிலவாணி தன் மகள் சுடர்விழியின் பெயரில் படித்துக்கொண்டிருந்தாள். நூலைப் பொறுத்தவரை அவளுக்கு இன்னும் பதினேழு வயது. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், 'நாளைக்குப் பரீட்சை இருந்தால் தூங்கப் போகவும்' என்று ஒரு வரி வரும்.

கதையின் தேவதூதன் பெயர் வெண்ணிலவன். முதல் பாகத்தில் சுருட்டை முடியும் வெள்ளிக் கண்ணுமாக இருந்தான். பாகங்கள் போகப்போக அவன் காபியை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். வலது கை காய்த்துப்போனது. போன மாதம் அவன் தலை குனிந்தபோது உச்சியில் முடி கொஞ்சம் கொட்டியிருந்ததாக நூல் எழுதியது. பதினேழு வயதுத் தேவதூதனுக்கு வழுக்கை. கோகிலவாணி நூலை மூடிவைத்துவிட்டு, தனியாக வெகுநேரம் சிரித்தாள்.

ஆனால் இன்று அந்த வெண்ணிலவன் நகர மறுத்தான்.

கல்லூரி விடுதி மாடியில் நிற்கிறார்கள். சிறகு விரிந்திருக்கிறது. வழக்கமாக அவளை அள்ளிக்கொண்டு மேகத்துக்கு மேலே போயிருப்பான். இன்று கையை மட்டும் நீட்டிக்கொண்டு, 'சொல்லு. என்ன வேண்டும்?' என்கிறான். அதோடு பக்கம் நின்றுவிட்டது. அவள் விரலால் தள்ளினாள். மூடித் திறந்தாள். புடவைத் தலைப்பால் அட்டையைத் துடைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்ப, 'சொல்லு. என்ன வேண்டும்?'

திருச்சியில் படிக்கும் மகளை அழைத்தாள்.

"சுடரு, உன் புக்கு கெட்டுப்போச்சுடி."

"கெடலம்மா. எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் நின்னு கெடக்கு," என்றாள் சுடர்விழி. "கம்பெனில சொல்லிட்டாங்க, பழுது இல்லையாம். கேக்காமலே எல்லாம் கிடைக்குதுல்ல, அந்தப் பக்கத்துல எல்லாம் படிக்கிறவங்க நாடி சலிச்சுப்போய் அடங்கிருச்சாம். அவன் நின்னு 'என்ன வேணும்'னு கேக்கற வரியிலதான் துள்ளுச்சாம். நூல் அதைக் கத்துக்கிச்சு."

"சரி, அதுக்கு நான் என்ன செய்யோணும்?"

"மனசுல எதையாவது கேக்காம அடக்கி வெச்சிருந்தா நாடியில தெரியுமாம். அதைக் கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டு முடிச்சாத்தான் இவன் எறக்கையை அசைப்பான். என் ரூம் புள்ளை அவங்க அப்பாகிட்ட, எனக்குக் கணக்குப் படிப்பு வேண்டாம், மாத்திக் குடுங்கன்னு கேட்டுட்டா. கேட்ட உடனே கதை ஓடுது. வார்டன் கூட இன்னிக்கு அழுதுக்கிட்டே யாருக்கோ போன் பண்ணிட்டிருந்தாங்க. உன் மனசுல என்னம்மா அடக்கி வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

"பேச்ச மாத்தாத."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

அழைப்பை முடித்துவிட்டு கோகிலவாணி வானத்தைப் பார்த்தாள்.

முகில்தளத்தில் இனி வாரமுறை கிடையாது. தலைமைப் பொறுப்பு திருமூர்த்திக்கு வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் மூன்று வருஷம் மேலேயே இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறைதான் கீழே வரலாம். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ என்ன சொல்ற?" என்று அவன் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "உங்க இஷ்டங்க," என்று அவளும் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் போக வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. அந்தப் பட்டங்களை அவன் எப்படிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது வேறு. அவளும் மேலே போக வேண்டும். அதை அவனே கண்டுபிடித்து, அவனே வந்து அழைக்க வேண்டும். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்றுதான் தண்ணீர்த் தொட்டிமேல் படித்த கதைகள் எல்லாம் சொல்லியிருந்தன. இப்போது அந்தக் கதையே கட்சி மாறிவிட்டது.

திருமூர்த்தி உள்ளறையிலிருந்து வந்தான். கையில் கம்பளி உள்ளாடைகள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தான். மடிப்பு எதுவும் ஒழுங்காக இல்லை.

"என்ன, உன்ற ஆளு இன்னிக்கு எங்க கூட்டிட்டுப் போனான்?" என்றான்.

"எங்கயும் போகல. நின்னுட்டு இருக்கான்."

"அவனுக்கும் மூட்டு வலி வந்துருச்சாட்ட இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. அவன் மடிப்பதை நிறுத்தினான்.

"எங்கூட கயித்து வேலை பாக்கற நம்ம கதிரவன் சம்சாரமும் மேல வர்றாங்களாம்," என்றான். "குடும்பத்தோட இருக்கறதுக்கு ரூம்பு குடுக்கறாங்க. நாலு பக்கமும் கண்ணாடி. கீழே மேகம் ஆத்து வெள்ளமாட்டப் போகும். காத்தால ஆனைமலை மேல வெயில் விழுகறத அங்கிருந்து பாக்கோணும்..." சட்டென்று நிறுத்திக்கொண்டான். "அத விடு. உனக்குக் கேட்டாலே தலை சுத்தும். எனக்கும் ஒரு ரூம்பு ஒதுக்கி இருக்காங்க. சம்மதம் சொல்றப்பவே அது வேண்டாம்னு சொல்லிரணும். வேற யாராவது எடுத்துக்குவாங்க."

பதில் சொல்ல மணிக்கட்டில் இருந்த பேசியைத் திருப்பிப் பிடித்தான். இந்த மனிதன் பத்தொன்பது வருஷமாக அவள் கேட்காமலேயே எத்தனையோ கொடுத்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவையும் அவள் அன்று சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் கொடுத்திருக்கிறான். தேவதூதனால் முடியாத வேலை.

மடியில் உளநூல் லேசாகச் சூடானது. அவள் குனிந்து பார்த்தாள். நாள் முழுக்க அசையாத பக்கத்தில் புதிதாக ஒரே ஒரு வரி வந்திருந்தது. 'வெண்ணிலவன் நீட்டிய கையைத் தாழ்த்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தான்.'

அவள் நூலை மூடி ஓரமாக வைத்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மின்பட்டங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கோகிலவாணி எழுந்து சன்னலருகே போய், கழுத்தை நன்றாக நிமிர்த்தி மேலே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் முன்னால் அவள் அப்படிப் பார்த்ததில்லை. உடல் நடுங்கியது. அது பயத்தின் நடுக்கம் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும். பேசியை விட்டுவிட்டு வேகமாக வந்து, பழக்க தோஷத்தில், பின்னாலிருந்து உள்ளங்கையால் அவள் கண்ணை மூடினான்.

"பாக்காத அம்மிணி. தலை சுத்தும்."

அதே இருட்டு. அதே எண்ணெய் வாசம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் இப்போதும் தோன்றியது. அவள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கண்ணிலிருந்து இறக்கினாள். விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்த ரூம்ப வேண்டாம்னு சொல்லாதீங்க," என்றாள். "என்னையும் மேல கூட்டிட்டுப் போங்க."