மழைக்கு அப்புறம்

மழை அன்று சற்று தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் சும்மா வரவில்லை... பெலெம் நகரத்தின் மாமரங்களை எல்லாம் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு வந்தது.

ஜுசாரா ஓடிப்போய் டோனா ஒந்தினாவின் தக்காக்கா சூப் வண்டிக் கூரைக்குள் புகுந்தாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஆவி பறக்கும் சூப் குடுவை. மெலிந்த முகம், மழையில் புள்ளி விழுந்த மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டிய விளம்பர சைக்கிள் ஒன்றும் ஒதுங்கியிருந்தது. அதிலிருந்து வந்துகொண்டிருந்தது அவளுடைய பாட்டு.

அந்த மாதம் முழுக்க ஊரில் எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டுகள்தான். 'நனையாத பாதி' அவளுடைய முதல் ஆல்பம். பத்துப் பாட்டுகளையும் அவளே எழுதி, ஜுருனாஸ் பேட்டையில் அத்தை வீட்டு மாடி அறையில் பதிவு செய்திருந்தாள். மீன் சந்தையில் கேட்டது. பேருந்து ஓட்டுநர்கள் போட்டார்கள். சனிக்கிழமை இரவு நடனங்களில் டிஜேக்கள் வேகத்தைக் கூட்டிப் போட்டார்கள். தெற்கே இருக்கிற பெரிய பத்திரிகைகள்கூட எழுதின. அட்டையில் முகம் இல்லை, ஈரக் கால்கள் மட்டுமே. அதனால் தெருவில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியாது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டோடு உதட்டை அசைத்தான். சூப்பில் கிடந்த ஜம்பு கீரையால் மரத்துப்போன உதடு... வார்த்தை குழறியது. ஜுசாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொத்தப் பாட்டும் மனப்பாடமா?"

"இது மட்டுமா? பத்தும் மனப்பாடம். இந்த ஊர் மழையப் பத்தி எல்லாரும் பாடிட்டாங்க. மழை நின்னப்புறம் கூரையில சொட்டிட்டே இருக்கும் பாருங்க... அதப் பாடினது இந்தப் பொண்ணு மட்டும்தான்."

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"ஏழாவது பாட்டத் தவிர எல்லாமே அருமை," என்றான் அவன். "அதுல மட்டும் அவங்க திரைக்குப் பின்னால நிக்கிறாங்க."

இந்த வரி... இதே வரி! ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நேலியோ என்று யாரோ எழுதிய விமர்சனத்தில் படித்து, அன்று சாப்பிடாமல் படுத்தாளே!

"நேலியோ நீங்கதானா?"

"ஆமா. எப்படி..."

"அந்தத் திரைக்குப் பின்னால நின்னவ நான்தான்!"

டோனா ஒந்தினா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரியான ஆள்கிட்ட மாட்டினடா பையா. நல்லா கேளு மகளே, நான் சூப்ப அப்புறம் ஊத்துறேன்."

"அந்தப் பாட்ட ஒவ்வொரு தடவையும் அழுதுட்டேதான் பாடினேன், தெரியுமா உங்களுக்கு? ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுறவருக்கு என்ன தெரியும்?"

"அழுதது தெரியும்," என்றான் அவன் மெதுவாக. "அழுகை கேட்கக் கூடாதுன்னு டிரம்ஸ் சத்தத்தக் கூட்டினீங்களே... அதுவும் தெரியும்."

ஒலிப்பதிவு செய்த நண்பனிடம்கூட அவள் காரணம் சொன்னதில்லை. இவன் எப்படி...? கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் கேலி செய்யவில்லை. மழையில் கழுவிவிட்ட மாவிலை மாதிரி, அத்தனை தெளிவாக அவளையே பார்த்தன.

"திட்டி முடிச்சாச்சா?" என்றான்.

"இன்னும் பாதி பாக்கி இருக்கு."

"அப்போ நாளைக்கு வாங்களேன். கடிகாரச் சதுக்கம்... மழைக்கு அப்புறம்."

"யோசிக்கிறேன்," என்றாள். யோசிக்க என்ன இருந்தது?

தினமும் மழை கொட்டும் அந்த ஊரில் யாரும் மணி சொல்லி அழைப்பதில்லை. மழைக்கு முன், மழைக்குப் பின், அவ்வளவுதான். பல் வைத்தியர்கூட அப்படித்தான் வரச் சொல்வார்.

மறுநாள் மழையே வரவில்லை.

மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு ஜுசாரா மாடியில் காத்திருந்தாள். மேகம் வந்தது, கறுத்தது, ஆற்றைத் தாண்டிப் போயே போய்விட்டது. 'மழை வராமலே போய் நின்னா அவனுக்காக அலையிறேன்னு நினைப்பானே... நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்!' படியிறங்கி ஓடினாள்.

சதுக்கத்தில் புறாக்கள் இருந்தன. அவன் இல்லை. வெயில் சாயும்வரை நின்றாள். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி அவளை அரித்தது. அவனுக்குப் பிடித்தது பாட்டு மட்டும்தானா? பாடினவள் வெறும் உறைதானா, பிரித்ததும் தூக்கிப் போட?

அதற்கு அடுத்த நாள் மழை கொட்டித் தீர்த்தது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிமேல் அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை!

ஞாயிறு காலை, குடியரசுப் பூங்கா சந்தையில் அவளுக்குப் பாட்டு நிகழ்ச்சி. மாமரங்களுக்கு அடியில் இத்தனை கூட்டத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. முதல் வரியை எடுத்ததும் கூட்டம் இரண்டாம் வரியைப் பாடியது. மணிமாலை விற்கிற பெண்கள், தோளில் குழந்தையோடு அப்பாக்கள், பள்ளிப் பெண்கள்... அவள் மாடி அறையில் தனியாக முணுமுணுத்த வார்த்தைகள் இப்போது இத்தனை வாய்களில். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள், பாட்டு நிற்கவில்லை.

கடைசி வரிசையில் அந்த மூக்குக்கண்ணாடி! அவனும் பாடிக்கொண்டிருந்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவனே வந்தான். முகம் உம்மென்று இருந்தது.

"பிரமாதமா இருந்துச்சு. பேப்பர்ல எழுதுறேன்."

"எழுதுங்க. எழுத மட்டும்தானே தெரியும்? சொன்ன இடத்துக்கு வரத் தெரியாது."

"நானா வரல?" அவன் குரல் உயர்ந்தது. "முழங்கால் வரைக்கும் தண்ணியில நின்னேங்க! நீங்கதான் எட்டிக்கூடப் பாக்கல."

"தண்ணியா? அன்னிக்குத் தரையெல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சே!"

"நான் சொல்றது அதுக்கு மறுநாள். மழைக்கு அப்புறம்னா, மழை பெஞ்ச நாள்தானே கணக்கு? முதல் நாள் மழையே இல்லயே! மழை இல்லாத நாள்ல எந்த மடையன் வருவான்?"

"நான் வந்தேன்!"

வாயை விட்ட பிறகுதான் ஜுசாராவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஊரில் மழைக்குக்கூடப் பொறுக்காமல் ஒருத்தி போய் நின்றாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்... அது அவனுக்கும் தெரியும்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு? ஆல்பத்தப் பத்தி எழுதுங்க, போங்க." குரல் உடைந்தது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மறுநாள் தண்ணியில நின்னீங்களே... அது பாட்டுக்காகவா?"

பூங்காவில் யாரோ அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவள் திரும்பவில்லை.

"பாட்டு பிடிச்சது, கேட்டப்போ," என்றான் நேலியோ. அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. "உங்கள பிடிச்சது, திட்டினப்போ. அன்னிக்கு நைட்டு முழுக்க ஒரு பாட்டும் கேக்கல ஜுசாரா... நீங்க திட்டினதத்தான் திரும்பத் திரும்ப நினைச்சுட்டு இருந்தேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்போ இனிமே தினமும் திட்டுவேன்... பரவாயில்லையா?"