அழாத மருமகள்

காலையில் மாடத்தி கண்ணைத் திறப்பதற்கு முன்னால் விரலை நனைத்து இமையில் வைப்பாள். இமை விழியோடு ஒட்டிக் கிடக்கும். சும்மா திறந்தால் தோல் உரிவது போல வலிக்கும். அன்று தண்ணீர்ச் செம்பைத் தடவித் தேடியதில் அது உருண்டு விழுந்தது.

"ஆரம்பிச்சுட்டா..." என்றாள் மாமியார் சுப்பம்மாள் அடுப்படியிலிருந்து. "எங்க வீட்டு மனுசன் செத்தன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடாத கண்ணு. அவரு சாபம்ளா அது. எந்த மருந்துக்கும் கேக்காது."

மாடத்தியின் புருஷன் சங்கிலிப்பாண்டி கொச்சி பஜாரில் அரிசி மூட்டை தூக்குபவன். எத்தனை மூட்டையும் தூக்குவான், பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை தூக்க மாட்டான். சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மாமனார் ராக்கப்பன் படுக்கையில் கிடந்தது பதினான்கு மாதம். கஞ்சி ஊட்டியவள் மாடத்தி. பீ மூத்திரம் அள்ளியவளும் அவளே. அவர் போன அன்று மட்டாஞ்சேரிச் சந்து கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாடத்திக்கு நெஞ்சு வெடித்தது. கண் மட்டும் காய்ந்து எரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். வாய்க்கரிசி போட அவள் கையில் அரிசியை அள்ளியபோது சுப்பம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அழ மனசில்லாதவ எம்புருசன் வாயில அரிசி போட வேண்டாம்."

அரிசி தரையெல்லாம் சிதறியது. சங்கிலிப்பாண்டி அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான்.

பதினோரு மாதமாக மாடத்தி அந்த ஒரு நிமிடத்தைத்தான் மென்றுகொண்டிருந்தாள். பார்த்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் இதற்குப் பதில் சொல்லாமல் சாகக் கூடாது என்று வைராக்கியம். ஆனால் அந்த வைராக்கியமே அவளை ஆஸ்பத்திரிக்கும் விடவில்லை. போனால் சாபத்துக்குப் பயந்துவிட்டாள் என்பாள் மாமியார். உண்மையில் சாபமாகவே இருந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயமும் இருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய, கண் சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்தை மாதக்கணக்காக ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

உருண்ட செம்பை எடுத்தவள் சுனிதா. கொழுந்தன் முத்துவேலின் மனைவி, கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் மலையாளம் கலக்கும்.

"அக்கா, என் முகம் தெளிவா காணுதா?"

"புகைக்குள்ள நிக்கிற மாரி இருக்கே."

"எத்தற நாளா?"

"நாலு நாளா. வெளிச்சம் பட்டா ஊசி எறங்குது. ராத்திரி வலியில முழிச்சிக்கிடுதேன்."

சுனிதா செம்பைக் கீழே வைத்தாள். "எரியிறது வேற, பார்வை மங்குறது வேற அக்கா. இனி ஒரு நாளும் வச்சிருக்கக் கூடாது. இப்பத்தன்னே போவாம், வாங்க."

படகேறி எறணாகுளம் போனார்கள். கண் டாக்டர் ஹரிநாராயணன் கீழ் இமைகளுக்குள் கண்ணுக்கொரு காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்கச் சொன்னார். எடுத்தபோது இரண்டும் வைத்த மாதிரியே காய்ந்திருந்தன. வாய் வறளுமா, மூட்டு வலிக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

"கண்ணீர் ஊறுறதே இல்லம்மா. உங்க உடம்பே அந்தச் சுரப்பியக் கெடுக்குதுன்னு சந்தேகமா இருக்கு. ரத்தம் பாக்கணும். கருவிழியில புண் வந்தாச்சு. கடை மருந்த இன்னைக்கே நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா பார்வை போயிருக்கும்."

மாடத்தி சிரித்தாள். சுனிதா பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

"சார்... மனுசங்க செத்தாலும் தண்ணி வராதா?"

"எவ்வளவு துக்கம்னாலும் வராது."

"அத ஒரு கடுதாசியில எழுதித் தாங்க. மலையாளத்துல எழுதுங்க. எங்க வீட்டு ஆம்பளைக்கு அதுதான் வாசிக்கத் தெரியும்."

அடுத்த மாதம் ராக்கப்பனின் தலைத்திவசம். அதற்குள் மருந்தில் புண் ஆறிக்கொண்டிருந்தது. எரிச்சல் இருந்தது, புகை விலகியிருந்தது. முகங்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டிய நாளில் பார்வை திரும்பியதில் அவளுக்குப் பரம திருப்தி. அன்றைக்கு அழுத அதே பெண்கள், அதே சொந்தங்கள். படையல் முடிந்து எல்லாரும் இலை முன் உட்கார்ந்ததும் மாடத்தி கடிதத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க."

அவன் ஒருமுறை கண்ணால் ஓட்டினான். முகம் வெளுத்தது. "இவளுக்குக் கண்ணீர் சுரக்குறதில்ல... எந்தத் துக்கத்துலயும் கண்ணீர் வராது... ரெண்டு வருசமாவது இப்படி இருந்திருக்கும்."

"கடைசி இலைக்குக் கேக்கல. இன்னொருக்கா வாசிங்க."

"மாடத்தி..."

"அன்னைக்கு என்னைய ஊருக்கு முன்னாலதான தள்ளுனீங்க? வாசிங்க."

வாசித்தான். மூன்றாவது முறை அவள் கேட்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது. ஒரு கையும் சோற்றில் இறங்கவில்லை. மாடத்தி ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்தாள். நன்றாக இருந்தது அவளுக்கு.

சுப்பம்மாள் எழுந்து வந்தாள். கன்னமெல்லாம் ஈரம். "சொல்லியிருக்கலாம்லா தாயி... நான் பாவி... அந்தக் கைய நான் தட்டிவிட்டேனே..." என்று மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

மாடத்தி திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை. விலக்கவும் இல்லை.

"சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க அத்தே. மாமாவுக்குப் போட வேண்டிய அரிசி தரையில போச்சு. அத யாரும் இனி திருப்பித் தர முடியாது. அதுனால ஒண்ணு கேக்கேன், இத்தன பேருக்கு முன்னால சரின்னு சொல்லுங்க. உங்களுக்கு மொத வாய்க்கரிசி நான்தான் போடுவேன். அழாமத்தான் போடுவேன். எவளும் என் கையத் தட்டக் கூடாது."

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவளிடம் கேட்கிற வாக்கா இது என்று முத்துவேல் எழப்போனான். சுப்பம்மாள் அவனைக் கையமர்த்தினாள்.

"நீதான் போடணும்" என்றாள். "எம்பிள்ளைங்க போடுறதுக்கு முந்தி நீதான்ளா போடணும்."

மாடத்தி அப்போதுதான் கையை எடுத்து மாமியாரின் முதுகில் வைத்தாள்.