கணபதியில் காணாமல் போன மோட்டார்

காலை 7.10. சென்னியம்மாள் போட்ட கூச்சலில் கணபதிப் பகுதி லைன் வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டன. அவளுடைய தையல் மெஷினின் மோட்டாரைக் காணோம்.

காலை 8.00. பீளமேட்டு ஆய்வு அலுவலகத்திலிருந்து புவனா ஸ்கூட்டியில் வந்து இறங்குவதற்குள், ஏட்டு அங்கப்பன் குற்றவாளியையே முடிவு செய்துவிட்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், எல்லாம் உங்க குலுக்கல் பண்ணுன வேலைங்க" என்றார்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தால் வறுமை குறையுமா என்று கண்டறியும் ஆய்வு அது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மெஷினும் பயிற்சியும் தந்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது. பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டால் மெஷினால் வந்த மாற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த லைனில் சென்னியம்மாளுக்கும் பூவாத்தாளுக்கும் விழுந்தது. சட்டைக்குப் பட்டன் கட்டிப் பிழைக்கும் மெஹராஜ் என்ற பெண்ணுக்கு விழவில்லை.

"உனக்குப் பொறாமைதானே?" என்று மெஹராஜை மடக்கினார் அங்கப்பன்.

"ஆமாங்க, வயிறு எரிஞ்சது நெசந்தானுங்க. அவகிட்டயே சொல்லிப்போட்டேன். ஆனா எடுக்கலீங்க."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கறா!" என்றாள் பூவாத்தாள், அழுதுகொண்டிருந்த சென்னியம்மாளின் முதுகைத் தடவியபடி. "சாவி வாசக்கதவு நெலவு மேல இருக்கறது லைனுக்கே தெரியுமுங்க."

"ஸ்டேஷனுக்கு நடங்க அம்மணி" என்றார் அங்கப்பன். திருட்டுப் பட்டம் விழுந்தால் பட்டன் வேலை தரும் கம்பெனி மெஹராஜை வாசலில்கூட நிற்க விடாது.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்று புவனா சென்னியம்மாள் வீட்டுக்குள் போனாள். மோட்டார் இருந்த இடம் காலி. பெல்ட் தொங்கியது. பக்கத்தில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஊசி மேலே ஏறியிருந்தது. துணியை அழுத்தும் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் துணி.

"அக்கா, நேத்து மெஷினை எப்படி விட்டுட்டுப் போனீங்க?"

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு தம்பி போன் பண்ணுனானுங்க. சட்டை ஊசியிலயே கெடக்க, அப்படியே போட்டுப்போட்டுப் பெரியநாயக்கன்பாளையம் ஓடிட்டேன். இப்பத்தான் வாரேன். ஒண்ணையும் தொடலீங்க அம்மணி."

பொறாமையைப் பற்றிப் புவனாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூடப் படித்த கனிஷ்காவுக்கு டெல்லியில் பெரிய பதவி கிடைத்ததிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கோடீஸ்வரன் மகள் போயிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. கனிஷ்கா இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ஒரே மார்க் வாங்கியவள்.

காலை 8.40. புவனா வெளியே வந்தாள்.

"சார், மோட்டாரைக் கழற்ற மெஷினைச் சாய்க்கணும். எடுத்தவங்க அதுக்கு முன்னாடி ஊசியை ஏத்திச் சட்டையை எடுத்து மடிச்சிருக்காங்க. பாதத்துக்கு அடியில துணியும் வெச்சிருக்காங்க."

"அதனால என்னங்க?"

"எங்க பயிற்சியில முதல்ல சொல்லிக்குடுக்கறதே அதுதான். மெஷினைச் சாய்க்கறதுக்கு முன்னாடி ஊசியை ஏத்து, துணியை வையின்னு. ஆத்திரத்துல வந்தவங்களுக்கும் கை தானா அதைச் செஞ்சிருக்கு. மெஹராஜ் அக்கா மெஷின்ல உக்காந்ததே இல்ல. இந்த லைன்ல பயிற்சிக்கு வந்தவங்க ரெண்டே பேர்."

சென்னியம்மாளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"பூவாத்தாள் அக்கா, மோட்டார் எங்கே?"

லைன் வீட்டில் அடுத்தவள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூடத் தெரிந்துவிடும். ஆனால் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குலுக்கலில் தோற்றவள் மீதே எல்லோர் கண்ணும் இருந்தது. பூவாத்தாள் தன் வீட்டுக்குள் போய், அரிசி டிரம்முக்குள் கைவிட்டு மோட்டாரை எடுத்து வந்தாள்.

"குலுக்கல்ல எனக்கு உழாமப் போயிருந்தா விதின்னு கெடந்திருப்பேனுங்க" என்றாள். "ஒரே மெஷினு, ஒரே டீச்சரு. அவ ஊட்டுல துணி குமிஞ்சு கெடக்குது. எம்பட ஊட்டுல ஈ ஓட்டறேன். இனி யாரைக் கொறை சொல்லி மனசத் தேத்தறதுங்க?"

சென்னியம்மாள் மோட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தாள்.

மெஹராஜ்தான் பூவாத்தாளின் அருகே போனாள்.

"எனக்கும் எரிஞ்சுதுக்கா. சொல்லிப்போட்டேன், ஆறிப்போச்சு. நீங்க என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."