அங்கே மணி இரண்டு

“என் போன் எங்க?”

காலை ஏழரை மணிக்கே மாமியாரின் குரல் கூடத்தை ஓர் உலுக்கு உலுக்கியது. அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்த மூத்த மருமகள் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். போன் அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் “சார்ஜ் போடறேன் அத்தை” என்று எடுத்துக்கொள்வாள். பதினொரு மணிக்கு மேல்தான் திருப்பித் தருவாள்.

“கேக்குறேன்ல... எங்கடி போன்? என் சின்னவன்கிட்ட நான் இப்பவே பேசணும்!”

“அங்க தூங்குவாங்க அத்தை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குப் பேசலாம். அப்பதான் அவங்களுக்கு விடியும்.”

“எப்பக் கேட்டாலும் தூங்குறான், தூங்குறான்! என் புள்ள என்ன படுத்த படுக்கையாவா கெடக்கான்? அதோ பாரு, மணி ரெண்டு. பட்டப்பகல் ரெண்டு மணிக்கு எவன் தூங்குவான்?”

கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் தொங்கின. ஒன்று இந்த ஊர் நேரம். மற்றொன்று ‘தம்பி கடிகாரம்’. ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். கடிகாரம் பழுதுபார்க்கும் மூத்த மகன்தான், தம்பி வெளிநாடு போன வாரம் அதை மாட்டினார். முள்ளை வைத்தவர், அது பகலா ராத்திரியா என்று தெரிய ஒரு வழி வைக்கவில்லை.

“அது ராத்திரி ரெண்டு அத்தை...”

“கண்ணைத் தொறந்து வெளிய பாரு! வெயில் சுள்ளுனு அடிக்குது. அவனுக்கு வேற சூரியனா?”

முந்தாநாள் பெட்டியோடு வந்திறங்கிய நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? “நான் அப்பவே சொன்னேன்லம்மா. தம்பி உங்கிட்ட ஒட்டிக்கிட்டா இவங்க அதிகாரம் போயிடும்ல? அதான் அண்ணி போனை ஒளிச்சு வெக்கிறாங்க.”

மூத்தவள் கணவனைப் பார்த்தாள். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு கைக்கடிகாரத்துக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார். ஊரார் கடிகாரத்துக்கெல்லாம் நேரம் பார்த்துச் சொல்லும் மனுஷருக்கு, பெண்டாட்டிக்காக வாய் திறக்க மட்டும் நேரமே வந்ததில்லை!

“பெத்தவளையும் புள்ளையையும் பிரிக்கிறியேடி... நீ நல்லா இருப்பியா? இனி உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்!”

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே நிமிஷத்தில் இந்தப் பழி போய்விடும். ஆனால் கொழுந்தனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளே... பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“அவ போன் எதுக்கும்மா? என் போன் இருக்கு!” நாத்தனார் பட்டென்று எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியிலும் போட்டாள்.

“வேண்டாம்! கெஞ்சிக் கேக்குறேன், வேண்டாம்!” என்று மூத்தவள் ஓடிவருவதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“யாரு... என்னாச்சு? அம்மாவுக்கு என்னாச்சு?” மூச்சிரைத்தது சின்னவனுக்கு.

“எனக்கென்னடா, நல்லா இருக்கேன். மணி ரெண்டாச்சே... சாப்ட்டியா கண்ணு?”

மறுமுனையில் ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா... ராத்திரி ரெண்டும்மா. ஜன்னலுக்கு வெளிய கும்மிருட்டு. அஞ்சு மணிக்கு நான் லாரி எடுக்கணும். அண்ணி எப்படி விட்டாங்க? போன வருஷமும் இப்படித்தான் நாலு நாள் தொடர்ந்து எழுப்பிவிட்டே... நாலாம் நாள் வண்டியில...” சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

“வண்டியில என்னடா?”

“தம்பி, போனை வெச்சுட்டுப் படுங்க!” என்று மூத்தவள் குறுக்கே விழுந்தாள். “ஒண்ணுமில்ல அத்தை...”

“இல்ல அண்ணி, போதும். என்னால நீங்க பேச்சு வாங்கினது போதும்” என்றான் சின்னவன். “கண்ணசந்துட்டேம்மா. வண்டி சுவத்துல மோதிடுச்சு. மணிக்கட்டு ஒடிஞ்சு மூணு மாசம் வேலைக்குப் போகல. ராத்திரி கம்பெனி கூப்பிடும், போனை அணைக்கவும் முடியாது. அம்மாவுக்குத் தெரியவே கூடாது, ஆனா இந்த நேரத்துல அவங்க கூப்பிடவும் கூடாதுன்னு அண்ணிகிட்ட நான்தாம்மா சத்தியம் வாங்கினேன்.”

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மூன்று மாசமும் வீடியோவில் பேசும்போது மகன் ஒரு கையைக் கீழேயே வைத்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

“இப்ப... கை?”

“சரியாயிடுச்சும்மா. சத்தியமா.”

“படுத்துக்கோடா... படுத்துக்கோ...” என்று சொல்லி, அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

மூத்தவர் லென்ஸைக் கழற்றி வைத்தார். “தப்பு என் மேலயும் இருக்கு” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னாரோ, கண் தம்பி கடிகாரத்தில் இருந்தது.

“ஒரு வருஷமா என்னென்ன பேசியிருப்பேன் உன்னை...” மாமியார் மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி பாவி?”

“சொல்லியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்களா அத்தை?”

அவ்வளவுதான்! மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த அழுகை மூத்தவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

அழுது முடித்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தொண்டை காயுது. போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டா” என்றாள் மாமியார். மூத்தவள் கொண்டுவந்ததைக் கடகடவென்று குடித்தாள். மருமகள் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டியபோது, மாமியார் அதை அவள் கைக்குள்ளேயே மூடி வைத்தாள்.

“உன்கிட்டயே இருக்கட்டும். பதினொண்ணுக்குக் குடு.”

“நான் என்னத்தைக் கண்டேன்? அண்ணி சொல்லியிருந்தா நான் ஏன் கூப்பிடப் போறேன்?” என்று நாத்தனார் குரலை உயர்த்தினாள்.

மாமியார் தம்பி கடிகாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“மெல்லப் பேசுடி... புள்ள தூங்குறான்.”