சிவப்புக் கோடு விழுந்த பெயர்

"உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சே சார்…"

தேர்தல் பணிக்கு வந்திருந்த டீச்சர் நிமிராமல்தான் சொன்னாள். வாக்காளர் பட்டியலில் 412-ஆம் எண்ணின் மேல் சிவப்புக் கோடு பளிச்சென்று கிடந்தது. பிறகுதான் நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன், இடது கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டியபடி நின்றான். விரலில் மையின் சுவடே இல்லை. விரலுக்குப் பின்னால் இரண்டு கண்கள்… கோபம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்வம் மின்னும் கண்கள்.

"அப்போ என் பேர்ல போட்ட மகராசன் யாருங்க?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். போன இரண்டு தேர்தலிலும் வேலையில் மாட்டிக்கொண்டு ஓட்டைக் கோட்டைவிட்டவன். இவளோ பள்ளியில் கறார் பேர்வழி. தன் கணக்கு தப்பாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வாக்காளர் அட்டையில் இருந்த தாடிக்காரனையும் எதிரில் நின்ற மழுமழு முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அட்டை அசல்தானா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் குறுக்கிட்டார். ஒருவர் பெயரில் வேறு யார் போட்டிருந்தாலும் உண்மையான ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது, விசாரித்து உறுதியானால் தனி ஓட்டுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்றார். வரிசை ஓய்ந்திருந்த நேரம். விசாரிக்கும் வேலை டீச்சர் தலையில் விழுந்தது.

வயது முப்பத்தொன்று. அப்பா பெயர், கதவு எண், எல்லாம் சரி. வீட்டில் யார் யார்?

"கீழ அக்கா, மாமா, அவங்களோட ரெண்டு வாலுங்க. மாடியில நான் மட்டும்…"

அந்த 'மட்டும்' அநியாயத்துக்கு நீண்டது. அவள் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சீட்டை எண்ணுவாங்களாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கோர்ட் சொன்னாதான். இல்லன்னா கவருக்குள்ளயே இருக்கும்."

அவன் முகம் வாடியது. "பரவால்ல, கொடுங்க."

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. ஓட்டுப் போட்டவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டை இழுத்துப் பார்த்தாள். 412-க்கு நேரே எழுதியிருந்த அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அவனுடையவை அல்ல. பட்டியலில் தேடினாள்… 421-ஆம் ஆளுடையவை. காலையில் எண்ணைப் புரட்டிப் படித்துக் கோடு போட்டவள் அவளேதான்.

யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டை மூடிவிட்டால் போதும்… சீட்டோடு அவன் போய்விடுவான்.

"சார், தப்பு என்னோடது."

தலைமை அலுவலர் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தார். பிறகு கட்சி முகவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, கோட்டைத் திருத்தி, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதினார். அவன் இயந்திரத்திலேயே ஓட்டுப் போட்டான். போகும்போது திரும்பிப் பார்த்தானாம், பக்கத்துமேசைக்காரி சொன்னாள். இவள் தலையே நிமிரவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அத்தனை நாளும் அவனுடைய அந்த 'பரவால்ல' அவள் காதை விட்டுப் போகவே இல்லை. தேர்தல் அலுவலக வராந்தா பெஞ்சில் அவனும் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தான். அவளே கண்டுபிடித்து அவளே சொன்னாள் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

"மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏங்க சொன்னீங்க?" நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நீங்க பரவால்லன்னு சொன்னீங்க… அதான்."

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இருவரும் படியிறங்கி வந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"அடுத்த தேர்தல்லயும் நீங்கதான் டூட்டியா டீச்சர்?"

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு…" கைப்பை வாரைத் திருகினாள். கர்வமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "அவ்வளவு நாள் உங்களப் பார்க்காம என்னால இருக்க முடியாது."

கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தவன், அவள் பக்கமாக ஓர் அடி நகர்ந்து நின்றான்.

"எனக்கு இந்தப் பத்து நாளே முடியலைங்க," என்றான்.