பார்த்தவர் எண்ணிக்கை

விடுமுறை நாள் மதியம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், ஆளெடுப்பு அதிகாரி தன் அலுவலக வாசலில் குடையை மடக்கினார். காவலாளி இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்து கதவைத் திறந்தார்.

"என்ன சார், லீவு நாள்லயும் ஆளுங்களை வடிகட்டணுமா? டீக்கடைக்காரனே இன்னிக்கு வடிகட்டியைக் கழுவிக் கவுத்துட்டான்."

"சொந்த வேலைப்பா. பத்து நிமிஷம்."

"படியிலயே போங்க. என் காலை வாங்கினதுலேர்ந்து லிஃப்ட் அசையல. நானும் அதுவும் ஒரே நாள்ல நொண்டியானோம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தின நாள் தங்கை போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, அவர் வேலைக்குப் பேசின வீடியோ உங்க ஆபீஸ்ல இருக்குமே. எனக்கு எடுத்துத் தா. அவர் குரல் என்கிட்ட வேற எதிலயும் இல்ல."

தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். லிஃப்ட் கதவைத் திறக்குமுன் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டுவது அவர் தொழில் பழக்கம். வீட்டுக் கதவையும் அப்படியேதான் தட்டுவார். நான்கு மாதத்துக்கு முன் இதே அலுவலகத்தில் வேலை கேட்டு வந்தார். கிடைக்கவில்லை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

இங்கே வேலை கேட்பவர் மூன்றாம் மாடிச் சிறு அறையில் தனியாக உட்கார்ந்து கேமராவிடம் பேச வேண்டும். பேச்சையும் முகத்தையும் எடைபோட்டு மதிப்பெண் தருவது இயந்திரம். அது வேண்டாமென்று தள்ளியவர்களின் வீடியோவை ஒரு மனிதர் முழுசாகப் பார்த்து, 'பார்த்தேன்' என்று குறியிட வேண்டும் என்பது விதி.

அந்த மனிதர் இவர்தான். மாலையானால் பட்டியலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. நூறு பேர் முடிந்தார்கள். மாப்பிள்ளையும் அந்த நூற்றில் ஒருவராகப் போனார்.

வேலை கிடைக்காதபோது, வீடியோவைப் பார்த்தாரா என்று தங்கை கேட்டாள். "முழுசா பார்த்தேன்மா. நல்லாத்தான் பேசினார். மெஷின்தான் ஒத்துக்கல" என்று வாய் கூசாமல் சொன்னார்.

மூன்றாம் மாடி இருண்டு கிடந்தது. ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில், மிக மெல்லியதாக, வேறொரு வாசனை.

கணினியைத் திறந்து மாப்பிள்ளையின் வரியைத் தேடினார். 'பார்த்தேன்' என்ற கட்டத்தில் அவருடைய குறி. அதற்குப் பக்கத்தில், அவர் ஒருநாளும் கவனித்திராத இன்னொரு கட்டம்.

பார்த்தவர் எண்ணிக்கை: 0.

வீடியோவை ஓடவிட்டார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். ஆறாவது நிமிடத்தில் சட்டென்று நிறுத்தினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் காதைச் சாய்த்தார். ஒரு வார்த்தை இல்லை. பத்தொன்பது விநாடி.

கீழே இயந்திரத்தின் குறிப்பு: நீண்ட மௌனம். கவனச் சிதறல். தகுதியில்லை.

பிறகு மாப்பிள்ளை திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், இதை நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும். அதான் இங்கயே சொல்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுற லிஃப்ட்டோட கயிறு தேயுது. சத்தத்துலயே தெரியுது. எனக்கு வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும், அதை நிறுத்தச் சொல்லிடுங்க. யாராவது விழுந்துடப் போறாங்க."

அவர் அதைச் சொல்லி ஒன்பது நாள் கழித்து, அந்த லிஃப்ட்டோடு காவலாளி விழுந்தார்.

அதிகாரியின் காது மடல் சுட்டது. தங்கையை அழைத்தார்.

"அம்மாடி, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். வீடியோவை நான் பார்க்கவே இல்ல."



"லிஃப்ட் விழுந்ததைக் கேள்விப்பட்டு அவர் ரெண்டு நாள் சாப்பிடல அண்ணா" என்றாள் தங்கை. "'மச்சான் பார்த்தும் ஏன் சும்மா இருந்தாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும்."

இணைப்பு துண்டானது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது.

கயிறு இழுபடும் ஓசை. மூன்று மாதத்துக்கும் மேலாக அசையாத லிஃப்ட் மெல்ல மெல்ல ஏறி வந்தது.

நின்றது.

டொக். டொக். டொக்.

"மாப்பிள்ளை..." என்றார்.

யாரும் வரவில்லை. கிராம்பு வாசனை மட்டும் வந்தது. வந்து, பக்கத்து நாற்காலியருகே தங்கிவிட்டது.

திரையில் வீடியோ முடிந்திருந்தது.

பார்த்தவர் எண்ணிக்கை: 2.

படியிறங்கத் தைரியம் இருந்தது. காவலாளியின் முகத்தைப் பார்க்கத்தான் இல்லை. அந்தக் காலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

காவலாளி இந்த முறை கேலி பேசவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தார். பிறகு பழைய பட்டியலை முதல் வரியிலிருந்து தொடங்கினார். தள்ளப்பட்டவர்களை ஒருவர் விடாமல், மௌனத்தைக்கூடத் தாண்டாமல், பட்டப்பகலில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். பக்கத்து நாற்காலியை யாரும் எடுக்க அவர் விடுவதில்லை.

ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்.

எதிலும் எண் ஒன்றில் நிற்பதில்லை.